கிணற்று மேட்டில் நின்ற பம்பு

திருமலைசாமிக் கவுண்டரைப் போன்ற ஒரு வெட்டி வீம்புக்காரரை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் வேண்டாம்.

நான் மைதீன் பிச்சை. கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரன், ஒரு இஞ்சின் கம்பெனியில் பிட்டர். எண்ணெய் இஞ்சினையும் பம்பையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டக் கிணறுகளில் பூட்டிக் கொடுப்பேன். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று ஓட்டிப் பார்த்துச் சோதனைத்தாளில் கையெழுத்துப் போடுவேன். அப்புறம் மாதம் ஒரு தடவை போய், தேய்ந்ததை மாற்றி, தளர்ந்ததை முடுக்கிவிட்டு வருவேன். அப்படி நாற்பது கிணறுகளுக்கு மேல் பார்த்திருக்கிறேன். கருமி, சண்டைக்காரர், சந்தேகப் பிராணி என்று எல்லா ரகமும் பார்த்தாயிற்று. அவர்களோடெல்லாம் எப்படியாவது ஒத்துப்போய்விடலாம். ஊர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே மூச்சு விடுகிற மனிதரோடு ஒத்துப்போக முடியாது.

அவருடைய ஊர் அன்னூருக்கும் காரமடைக்கும் நடுவில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், ஊர் என்ன பாவம் செய்தது. அப்பன் சம்பாதித்த பூமி, அப்பன் வெட்டிய கிணறு, அப்பன் கட்டிய வீடு. இவர் தன் கையால் சம்பாதித்தது ஒன்றே ஒன்று, அந்த முறுக்கு மீசை. இடது கையில் கடியாரம் கட்டியிருப்பார். மணி என்னவென்று யாராவது கேட்டால் கையை நன்றாகத் தூக்கிக் கடியாரத்தைக் காட்டிவிட்டு, சூரியனைப் பார்த்து மணி சொல்வார். காரமடையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயிலில் ஒரே ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷனுக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுப்பார். எடுத்தவர் மெத்தையில் உட்கார்ந்தாவது வரலாமே. மாட்டார். வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவார், பிளாட்பாரத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்று. இதையெல்லாம் அவர் வீட்டு ஆட்களே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்கள்.

முப்பத்தைந்தாம் வருஷம் மார்கழியில் அவருக்கு இஞ்சின் பூட்டப் போனேன். போனதும் வழக்கம்போலக் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு அளந்தேன். மழை முடிந்த சமயம். மேட்டிலிருந்து பதினாறு அடியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கோடையில் எவ்வளவு இறங்கும் என்று கேட்டேன். முப்பது, முப்பத்திரண்டு அடிக்குப் போகும் என்று பண்ணையத்து ஆள் சொன்னான்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. பம்பு என்பது இளநீரில் பப்பாளித் தண்டைப் போட்டு உறிஞ்சுகிற மாதிரிதான். தண்டு கையளவு இருந்தால் குழந்தைகூட உறிஞ்சும். பனைமர நீளத்துக்குத் தண்டு போட்டால் பயில்வானாலும் முடியாது. எங்கள் பம்பு இருபது அடிக்குக் கீழே கிடக்கிற தண்ணீரை எடுக்காது. அதற்குமேல் எடுக்கும் என்று எவனாவது சொன்னால் அவன் விற்கிறவன், பூட்டுகிறவன் இல்லை. அதனால் பம்பைக் கிணற்றுக்குள்ளே இறக்கி வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கிணற்றில் பதினாலாவது அடியில் நல்ல பாறைத் திட்டு ஒன்று நீட்டிக்கொண்டு இருந்தது. மழைக்காலத்திலும் முழுகாது, கோடையிலும் தண்ணீர் எட்டும். ஆண்டவனே பம்புக்காகச் செதுக்கி வைத்த மாதிரி இருந்தது.

“இஞ்சின் மேல நிக்கட்டுமுங்க. பம்பை மட்டும் அந்தத் திட்டுல வெச்சு, இஞ்சின்ல இருந்து பம்பைச் சுத்தற தோல் வாரை நீளமாப் போட்டுக்கலாமுங்க” என்றேன்.

கவுண்டர் கிணற்றை எட்டிப் பார்த்தார். அப்புறம் தோட்டத்தை ஒட்டிப் போகும் இட்டேரியைத் திரும்பிப் பார்த்தார். சந்தைக்குப் போகிற வண்டியெல்லாம் அந்த வேலியோரப் பாதையில்தான் போகும்.

“ஏனுங் சாயபு, இத்தனை பாடுபட்டுக் கொண்டாந்துபோட்டு, பொந்துக்குள்ள வெச்சா எவனுங்க பாப்பான்?” என்றார்.

“தண்ணி வந்தா எல்லாருந்தான் பாப்பாங்க.”

“தண்ணி மாடு இழுத்த கவலையிலயுந்தான் வந்துச்சு. பம்பு மேட்டுலயே நிக்கோணும். கம்பெனி பேரு போட்ட பித்தளைத் தகடு ரோட்டைப் பாத்த மாதிரி இருக்கோணும்.”

சொல்லிப் பார்த்தேன். கோடையில் எடுக்காது என்றேன். இப்போது ஓட்டிப் பார்த்துச் சோதனைத்தாளில் கையெழுத்துப் போடுவது பொய், சித்திரையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துத்தான் போடவேண்டும் என்றேன். அவர் கேட்டபாடில்லை. அதோடு நிறுத்தாமல், மாடு பூட்டித் தோல்பறியில் நீர் இறைத்த கவலை மேட்டை இடித்து, அந்த மண்ணிலேயே இஞ்சின் ரூமுக்கு மேடை போட்டார். அந்தக் காங்கேயம் காளைகளையும் கைமாற்றிவிட்டார். இஞ்சின் வந்த வீட்டில் இனி மாடு எதற்கு என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சோதனை நாளன்று பந்தல் போட்டு, மேளம் வைத்து, அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். இஞ்சின் மண்டையை ஊதுவிளக்கால் சூடேற்றி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டேன். பதினாறு அடித் தண்ணீர்தானே, பம்பு ஒரே இழுப்பில் எடுத்துக் கொட்டியது. கூட்டம் கை தட்டியது. கவுண்டர் என் தோளில் ஒரு சரிகைத் துண்டைப் போட்டு, “இவருதானுங்க நம்ம இஞ்சினீர்” என்று கூட்டத்துக்குக் காட்டினார். பதினைந்து வருஷம் எண்ணெயிலும் கரியிலும் புரண்டவனை ஒருவரும் இஞ்சினீர் என்று சொன்னதில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்துப் போயிற்று. சோதனைத்தாளில் எல்லாக் காலத்துக்கும் தண்ணீர் எடுக்கும் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே, ஒரு வார்த்தை அடிக்காமல், கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வீம்பில் அவருக்கு நான் தம்பிதான். அதைச் சொல்லாமல் அவரை மட்டும் திட்டினால் நாக்கு அழுகிவிடும்.

அந்தக் கிணறு அவருக்கு மட்டும் சொந்தமில்லை. தெய்வாத்தாள் என்று அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். புருஷன் செத்தபிறகு இரண்டு பிள்ளைகளோடு பிறந்த ஊருக்கே வந்துவிட்டவள். கிணற்றடியில் சிறிதாக நாலு வயலும், நாலு நாளைக்கு ஒரு நாள் கிணற்று முறையும் அவளுக்கு என்று அப்பன் சாகும்போது ஊரார் முன்னால் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பக்கத்தில் கிணற்று முறை என்றால் சாமி வாக்கு மாதிரி. சூரியன் உதித்தால் முறை மாறும். அன்றைக்கு யார் முறையோ, வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் பூராவும் அவருக்குத்தான். மழை பெய்து ஓடினாலும், மாட்டைக் குளிப்பாட்டிய தண்ணீர் ஓடினாலும், மடையைத் திறந்து விட்டுக்கொள்ள அவருக்குத்தான் பாத்தியம். கல்யாணமானாலும் எழவானாலும் முறை மாறாது. முறையை மறித்தவன் வீட்டில் ஒருவரும் கை நனைக்கமாட்டார்கள்.

தை மாதம் தெய்வாத்தாள் அந்த நாலு வயலிலும் ராகி நட்டாள். அதுதான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வருஷச் சோறு. வேறு வழி அவளுக்குக் கிடையாது.

மாதா மாதம் நான் போவேன். போகும்போதெல்லாம் வயிறு எரியும். இஞ்சினுக்குப் பட்டுச் சால்வை போர்த்தியிருக்கும். பித்தளைக் கிண்ணங்களைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருப்பார்கள், உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. சந்தனத்தைக் குழைத்து அப்பி, எண்ணெய் விடுகிற ஓட்டையைச் சரியாகப் பார்த்துக் குங்குமத்தால் அடைத்திருப்பார்கள். குச்சியால் நோண்டி எடுப்பேன். அடுத்த மாதம் மறுபடியும் இருக்கும். யாராவது விருந்தாளி வந்தால் பம்பில் தண்ணீர் நிரப்பாமலே சும்மா ஓட விட்டுக் காட்டுவார், அந்தப் புகையும் சத்தமும் அவருக்குப் போதும். பம்பு காய்ந்து ஓடினால் தண்ணீர் கசியாமல் அச்சைச் சுற்றி அடைத்த கொழுப்புக் கயிறு கருகும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். மூன்று தடவை கயிறு மாற்றினேன்.

“பம்பு ஓடாம நிக்கற நாளுலதானுங்க அதிகமாக் கவனிக்கோணும்” என்று ஒரு நாள் சொன்னேன்.

“அதனாலதானுங்களே சால்வை போத்தியிருக்கறோம்” என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் எதைப் பேச.

நான் சொன்னது நடந்தது. பங்குனியில் தண்ணீர் இருபத்துநாலு அடிக்கு இறங்கியதும் பம்பு இருமியது. சித்திரை பிறந்தபோது முப்பதைத் தாண்டியது. பம்பு எச்சில்கூட விழுங்கவில்லை. கவுண்டர் என்னைக் கூப்பிடவில்லை. பூசாரியைக் கூப்பிட்டார். சேவல் அறுத்தார். எலுமிச்சம்பழம் நசுக்கினார். அப்புறம், தாலி அறுத்தவள் கிணற்றடிக்கு வந்து போவதால்தான் பம்பு கோபித்துக்கொண்டது என்று யாரோ ஒரு மடையன் சொல்ல, தங்கையைக் கிணற்றுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பாதாளத்துத் தண்ணீரையும் இந்தப் பம்பு இழுக்கும் என்று ஊர் பூராவும் பீற்றிக்கொண்ட வாய், கூசாமல் அந்தப் பேச்சையும் பேசியது.

என் மாதச் சுற்றில் நான் போனபோது தெய்வாத்தாள் இட்டேரியிலேயே என்னை மறித்தாள். ஒடிசலான பெண். கையில் ஒரு ராகிக் கதிரைப் பிடுங்கி வைத்திருந்தாள். அதை நகத்தால் கீறிக் காட்டினாள். பால் பிடிக்கிற பருவம், உள்ளே ஈரமே இல்லை.

“ஒரு தண்ணி பாஞ்சா பொளைச்சுக்குமுங்க சாயபு. ஒரே ஒரு தண்ணி. அஞ்சாறு நாளைக்குள்ள பாயலீன்னா வைக்கப்புல்லுக்குக்கூட ஆவாதுங்க” என்றாள். “மாடிருந்தா கவலை பூட்டியிருப்பேனுங்க. அதையும் இடிச்சுபோட்டாங்க.”

நான் கவுண்டரிடம் போய்க் கயிற்றைப் போட்டு அளந்து காட்டினேன். முப்பத்திரண்டு அடி. பம்பைத் திட்டுக்கு இறக்கவேண்டும், கொத்தனார் மேடை கட்டிக் காய எட்டு நாள் ஆகும், இன்றைக்கே ஆள் விடுங்கள் என்றேன். அதுவரைக்கும் பண்ணையத்து ஆட்களை விட்டு நாலு குடம் இறைத்துத் தங்கச்சி வயலுக்கு ஊற்றச் சொன்னேன்.

அவர் மீசையைத் தடவினார். “வியாழக்கெழமை சென்னிமலைப் பக்கத்துல இருந்து சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க. நம்ம புள்ள ராசாத்தாளுக்கு மாப்பிள்ளை ஊடு. இஞ்சினைப் பத்திச் சொல்லித்தானுங்க பேச்சையே தொடங்குனேன். அன்னைக்குத் தண்ணி கொட்டோணும்.”

“எப்படீங்க கொட்டும்?”

அவர் என்னை இஞ்சின் ரூமுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தரையோடு தரையாகக் குழி தோண்டிக் கட்டிய ஒரு பெரிய தொட்டி இருந்தது. இருபதடி நீளம், பத்தடி அகலம், இறங்கினால் மார்பளவு ஆழம். தான் குளிப்பதற்கென்று கட்டியது. அதைத் தண்ணீரால் நிரப்பி, பம்பின் குழாயைக் கிணற்றுக்குப் பதிலாகத் தொட்டிக்குள் விடவேண்டுமாம். முன்பக்கம் கொட்டுகிற தண்ணீர் வாய்க்காலில் இருபது தப்படி ஓடி, ரூமைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தட்டிக்குப் பின்னால் திரும்பி, மறுபடியும் அதே தொட்டிக்குள் விழவேண்டுமாம். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் தண்ணீர் தீராது. இந்தப் பித்தலாட்டத்துக்கு ஓடிய மூளையில் கால் பங்கு பங்குனியிலேயே ஓடியிருந்தால் அந்தத் தோட்டம் பூராவும் பச்சையாக இருந்திருக்கும்.

“நான் இதுக்கு வரமாட்டேனுங்க” என்றேன்.

அவர் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். என் கையெழுத்துப் போட்ட சோதனைத்தாள். எல்லாக் காலத்துக்கும் தண்ணீர் எடுக்கும்.

“இதை உங்க கம்பெனிக்கு அனுப்பிப்போட்டு, பம்பு எடுக்கலீன்னு ஒரு கடுதாசி எளுதுனா என்ன ஆகுமுங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். எனக்கும் வீட்டில் வாயும் வயிறும் இருக்கிறது. வாரேனுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் பகல் பூராவும் பன்னிரண்டு ஆட்கள் கிணற்றில் கயிறு போட்டுக் குடம் குடமாக இழுத்துத் தொட்டியை நிரப்பினார்கள். உள்ளங்கை எல்லாம் கொப்புளம். இஞ்சின் தண்ணீர் இறைக்கிறது என்று காட்டுவதற்குப் பன்னிரண்டு பேர் கையால் தண்ணீர் இறைத்தார்கள். உலகத்தில் வேறு எங்காவது இப்படி ஒரு கூத்து நடந்திருக்குமா என்று தெரியவில்லை. தெய்வாத்தாள் வந்து, “அண்ணா, பத்துக் கொடம் எனக்கு ஊத்தச் சொல்லுங்கண்ணா” என்று கெஞ்சினாளாம். “மொதல்ல தொட்டி நெறையட்டும் அம்மணி. பத்துக் கொடத்துல உன்ற ராகி பொளைக்கப் போவுதா? வியாழக்கெழமை இந்தப் பக்கம் தல காட்டிப்போடாதே” என்றாராம். நான் புதன்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது ஒரு ஆள் துண்டால் கையைக் கட்டிக்கொண்டு இதைச் சொன்னான்.

பித்தலாட்டத்துக்கும் ஒழுங்காகத்தான் சோதனை பார்த்தேன். கை பழகிவிட்டது, என்ன செய்ய. குழாயின் அடிவாயிலுள்ள வால்வைக் கழற்றிக் கழுவினேன். குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் நிற்கிறதா என்று பார்த்தேன். மூட்டுகளில் காற்றுப் புகாமல் களிமண் பூசினேன். அச்சுக்குப் புதுக் கயிறு அடைத்தேன். கிண்ணங்களில் எண்ணெய் விட்டேன். அந்த இஞ்சின் வந்த நாளிலிருந்து அவ்வளவு நன்றாக ஒரு நாளும் இருந்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் சூரியன் வந்து கொஞ்ச நேரத்தில், ஊதுவிளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டிக்குப் பின்னால் தெய்வாத்தாள் நின்றாள். வாய்க்கால் ரூமைச் சுற்றித் திரும்புகிற அந்த மூலையில்தான் அவள் வயலுக்குப் போகிற மடை இருந்தது. கவுண்டர் அதை மண் போட்டு அடைத்து மிதித்து வைத்திருந்தார்.

“ஏனுங் சாயபு, இஞ்சினு எத்தனை நேரம் ஓடுமுங்க?”

“கவுண்டர் நிறுத்தச் சொல்ற வரைக்குமுங்க அம்மணி.”

“அந்தச் சத்தத்துல அவரு சொன்னா உங்களுக்குக் கேக்குமுங்களா?”

நான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பக்கத்துல வந்து கத்துனாத்தானுங்க கேக்கும்” என்றேன். அவள் போய்விட்டாள்.

பத்து மணிக்குச் சம்பந்தி வீட்டார் இரண்டு வில்வண்டியில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பாலுசாமி என்பவர். முழங்காலுக்கு மேல் வேட்டி, காலில் உழவுக்காரனின் வெடிப்பு. வந்தவுடன் வீட்டைப் பார்க்காமல் பயிரைப் பார்த்தார். “ஏனுங்க, தண்ணிக்குத் தட்டுங்களா? பயிரு வாடியிருக்குதே” என்றார். “அதெல்லாம் இல்லீங்க, நேரமில்லாம வுட்டுப்போட்டோம்” என்று கவுண்டர் அவரை இஞ்சினிடம் இழுத்துக்கொண்டு வந்தார். பந்தலில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள்.

சக்கரத்தைச் சுழற்றினேன். இஞ்சின் பிடித்தது. பம்பு கொட்டியது, வாய் நிறைய, வெள்ளையாக. கூட்டத்தில் சத்தம் எழுந்தது. கவுண்டர் மேடைமேல் ஏறி, பம்பின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார். “முப்பத்திரண்டடித் தண்ணிங்க. மேட்டுல இருந்தே இழுக்குதுங்க” என்று கத்தினார். “கெணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்குமுங்க, குடிச்சுப் பாருங்க” என்றார். பாலுசாமி குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார்.

அப்போது தெய்வாத்தாள் மண்வெட்டியோடு வந்தாள். ஒளிந்து வரவில்லை. பந்தலுக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, வாய்க்கால் கரையோடு நடந்து வந்து மூலையில் நின்றாள். நாலே வெட்டு. மடை திறந்தது. தொட்டிக்குப் போகிற பக்கம் அந்த மண்ணையே தள்ளி அடைத்தாள். தண்ணீர் அவள் வயலைப் பார்க்கத் திரும்பியது.

கவுண்டர் மேடையிலிருந்து குதித்து ஓடினார். பாலுசாமியும் என்ன என்று கூடப் போனார். நான் இஞ்சின் பக்கத்தில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன்.

“அம்மணி, என்ன பண்ற? மடையை அடை” என்றார் கவுண்டர்.

தெய்வாத்தாள் மண்வெட்டியைக் கீழே ஊன்றிக்கொண்டு, மரியாதை குறையாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “இன்னைக்கு என்ற மொறைங்கண்ணா. கெணத்துத் தண்ணிங்கறீங்க. கெணத்துத் தண்ணின்னா இன்னைக்கு எனக்குத்தானுங்களே?”

ஜோசியர் பார்த்துக் கொடுத்த வியாழக்கிழமை யார் முறை என்று அந்த மகானுபாவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. தங்கைக்கு ஒரு முறை இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இப்போது என்ன சொல்வார். இது உன் முறைத் தண்ணீர் இல்லை, என் முறையில் ஆள் விட்டு இறைத்துத் தொட்டியில் வைத்தது என்று சொல்லவேண்டும். சொன்னால் பந்தலில் இருக்கிற அத்தனை பேருக்கும் குட்டு உடையும். சொல்லாவிட்டால் தண்ணீர் போகும். அவர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

பாலுசாமி தலையை ஆட்டினார். “மொறைன்னா வுட்டுத்தானுங்க ஆகோணும். நம்ம பக்கத்துலயும் அதேதானுங்க. பாயட்டும் அம்மணி, நல்லாப் பாயட்டும்” என்றார். சொல்லிவிட்டுக் கவுண்டரின் தோளில் கையைப் போட்டு, “இப்புடி மொறைக்கு வுட்டுக்குடுக்கற ஊட்டுல பொண்ணெடுக்கறது எங்களுக்குப் பெருமைங்க” என்று வேறு சொன்னார். அந்த நல்ல மனிதர் மனதாரத்தான் சொன்னார்.

கவுண்டர் அவர் கையில் மாட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் துண்டை ஆட்டி என்னிடம் நிறுத்து, நிறுத்து என்று சைகை காட்டினார். நான் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து பார்த்தேன். நிறைய இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தார். “நிறுத்துய்யா” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னால் கேட்காத குரலில். நான் காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டேன். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன். கத்தவேண்டியதுதானே. அவரால் கத்த முடியாது. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாழ்நாள் பூராவும் அதற்காகத்தானே தவம் கிடந்தார். நான் இஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வைத்தேன்.

“கையெளுத்து என்ற மடியில இருக்குது” என்றார் என் முகத்துக்கு நேராக.

“இருக்கட்டுமுங்க” என்றேன். அது அவருக்குக் கேட்டது.

முக்கால் மணி நேரம் ஓடியது. தட்டிக்குப் பின்னால் தொட்டியின் தண்ணீர் மார்பிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முழங்காலுக்கும் இறங்கியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. தெய்வாத்தாள் ஒரு வயல் நிறைந்ததும் அடைத்து அடுத்ததைத் திறந்தாள், ஒரு சொட்டு வீணாகாமல். கடைசியில் பம்பு கரகரவென்று காற்றை உறிஞ்சியது. அந்தக் கணமே நிறுத்திவிட்டேன். புதுக் கயிறு, கருகவிட மனசு வரவில்லை.

சத்தம் நின்றதும் பாலுசாமி, “என்னாச்சுங்க, கெணறு வத்திப்போச்சுங்களா?” என்று கேட்டுக்கொண்டே கிணற்றுப் பக்கம் போனார். கவுண்டர் குறுக்கே கையை நீட்டினார். மனிதர் விலக்கிவிட்டுப் போய் எட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு அடிக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. பம்பிலிருந்து கழற்றிவிட்ட கிணற்றுக் குழாயின் நுனி வெறும் காற்றில் தொங்கியது. அவர் பம்பின் குழாய் வேறு எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தார். அப்புறம் ரூமைச் சுற்றி வந்து, தட்டியை விலக்கித் தொட்டியைப் பார்த்தார். திரும்பி வந்து, பந்தலில் கேட்கும்படியே பேசினார்.

“பொண்ணு நல்ல பொண்ணுன்னு விசாரிச்சுத்தான் வந்தோமுங்க. பொண்ணை எடுத்துக்கறோமுங்க. சீருன்னு சொல்லி அந்த இஞ்சினை மட்டும் எங்கூட்டுக்கு அனுப்பிப்போடாதீங்க.”

பந்தல் சிரித்தது. குடம் இழுத்துக் கை புண்ணான பன்னிரண்டு பேரும் கையைத் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். கவுண்டர் கடியாரத்தைப் பார்த்தார். மணி கேட்டு யாரும் வரவில்லை.

கம்பெனிக்குக் கடிதம் போகவில்லை. அதை அனுப்பினால் தொட்டிக் கதையும் சேர்ந்து போகுமே. மறுவாரம் நானே கொத்தனாரோடு போய்ப் பம்பைப் பதினாலாவது அடித் திட்டில் இறக்கினேன். பித்தளைத் தகடு பாறையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. தண்ணீர் வந்தது, அந்தச் சித்திரையில் மட்டுமல்ல, அதற்குப் பிறகு வந்த எல்லாச் சித்திரையிலும். கவுண்டர் கிணற்றுப் பக்கம் வரவே இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு பொருள் அவருக்கு எதற்கு.

வைகாசியில் அந்தப் பக்கம் போனபோது தெய்வாத்தாள் களத்தில் ராகி தூற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தண்ணீர் மூன்று வயலுக்குத்தான் எட்டியது. பம்பை இறக்கி வைக்கிறதற்குள் நாலாவது காய்ந்துபோயிற்று.

“மூணு வயலும் நல்ல வெளைச்சலுங்க சாயபு. ஒரு ரெண்டு மூணு மாசத்துச் சோறுதானுங்க கொறையும். எப்புடியோ ஓட்டிக்குவோமுங்க” என்றாள்.

அந்த மூன்று வயலையும் அவளே மண்வெட்டி பிடித்து மீட்டுக்கொண்டாள். நாலாவது வயல், மார்கழியில் ஒரு சரிகைத் துண்டுக்காக நான் போட்ட கையெழுத்தில் போயிற்று. அந்தத் துண்டு இப்போது என் பட்டறையில் எண்ணெய் துடைக்கக் கிடக்கிறது.